ஆறு புள்ளி ஒன்பது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி நாள் யாராவது பொட்டாசியம் பாத்தாங்களாம்மா?" நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே "தெரியலப்பா" என்றேன். அது பொய். பார்த்தார்கள். பார்த்தவள் நான்தான். பதினான்கு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் பத்து நாளில் நீ பிரான்சுக்கு விமானம் ஏறப்போகிறாய். அங்கே உனக்கென்று ஒரு ஆய்வுக்கூடம், ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப் காத்திருக்கின்றன. இந்தப் பொய்யையும் உன் பெட்டியில் வைத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. வாயால் சொல்லலாம் என்று இந்த வாரம் மூன்று முறை உன் அறை வாசல்வரை வந்தேன். நீ நிமிர்ந்து பார்த்ததும் "காபி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பேச்சு எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார். நீ என்னதான் படிக்கிறாய் என்று நான் கேட்டேன். இத்தனை வருஷமாக யாராவது கேட்டால் "செல்லு, கரண்ட்டு, ஏதோ சொல்றான்" என்று சமாளித்து வந்தவள், ஊருக்குப் போகுமுன் ஒரு தடவையாவது உன் வாயால் கேட்டுப் புரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நீ செல்போனில் ஒரு வீடியோ காட்டினாய். கறுப்புத் திரையில் மங்கலாகச் சில வட்டங்கள். திடீரென்று அதில் ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது. "பாத்தியாம்மா, கால்சியம் உள்ள வருது" என்றபோது உன் முகம் ஒன்பது வயசுப் பையன் முகம் போல இருந்தது. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சவ்வு இருக்கிறது, அதற்கு உள்ளே மைனஸ், வெளியே பிளஸ், வோல்ட்டில் ஆயிரத்தில் ஐம்பது அறுபது பங்குதான், ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் செல்லின் காரியமே நடக்கிறது என்றாய். "நோய் எதிர்ப்புச் செல்லுக்கு அந்த மின்னழுத்தம் சரியா இருந்தாத்தாம்மா கால்சியத்த உள்ள இழுக்க முடியும். கால்சியம் வந்தாத்தான் அது சைட்டோகைன வெளிய விடும்." சைட்டோகைன் என்றால் என்ன என்று கேட்டேன். "சேதிம்மா. ஆபத்து, எல்லாரும் வாங்கன்னு மத்த செல்லுங்களுக்கு அனுப்புற சேதி. அளவா இருந்தா நம்மளக் காப்பாத்தும். நிறுத்தத் தெரியாம கத்திக்கினே இருந்தா, வந்த கூட்டமே நம்ம உடம்ப அழிச்சிடும். அதத்தான் சைட்டோகைன் புயல்னு சொல்றது."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு நடந்தது அதாம்மா" என்றாய்.

அந்த மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது எது என்று நான் கேட்டேன். நீ ஆச்சரியப்பட்டாய். அம்மாவுக்கு இவ்வளவு ஆர்வமா என்று நினைத்திருப்பாய். பதில் எனக்குப் பாதி தெரியும். "பெரும்பாலும் பொட்டாசியம்தாம்மா. செல்லுக்குள்ள அதிகம், வெளிய கம்மி. வெளிய ஏறிப்போச்சுன்னா வித்தியாசம் கொறஞ்சுடும்." ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால்தான் அந்தச் சைட்டோகைன் புயல் வருமா என்று கேட்டேன். அதைக் கேட்கும்போது என் கை தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. "இல்லம்மா, அது வேற. சொல்லப்போனா செல்லுக்குள்ளேர்ந்து பொட்டாசியம் வெளிய ஓடுறதத்தான் சில செல்லுங்க ஆபத்துன்னு எடுத்துக்கும். ரத்தத்துல ஏறுறது கிட்னி நிக்கிறதால. அது மொதல்ல இதயத்தப் புடிக்கும். ஆனா அது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அட்மிட் பண்ணியிருப்பாங்க, டயாலிசிஸ் போட்டிருப்பாங்க, காய்ச்சலுக்கு ஊசியும் ஒரு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்." அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் பொய் சொன்னேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னொன்றும் சொன்னாய். "நான் அன்னிக்கு போன் பண்ணாம இருந்திருந்தா அவரு அந்தத் தண்ணியில எறங்கியே இருக்கமாட்டாரு. இந்தப் படிப்ப நான் எடுத்ததே அதனாலதாம்மா." நீ அதைச் சொல்லிவிட்டு மோர் கேட்டாய். நான் மோரை ஊற்றினேன். பதினைந்து வயசிலிருந்து இதைச் சுமந்துகொண்டிருந்தாயா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அந்தக் கார்த்திகை மாச மழையில் டவுன் பாதி தண்ணீரில் நின்றது உனக்கு நினைவிருக்கும். உன் அப்பா மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். காலில் இரும்பு கிழித்த காயம் ஒன்று ஆறாமல் இருந்தது. டியூஷனில் ரெக்கார்ட் நோட்டை வைத்துவிட்டேன், நாளைக்கு பிராக்டிகல் என்று நீ அவருக்குப் போன் செய்தாய். அவர் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு அரியாங்குப்பத்தில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் மாத்திரையில் ஓட்டினார். மூன்றாம் நாள் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ரத்த அணுக்கள், மலேரியா, டெங்கு, அவ்வளவுதான். சாயங்காலம் நேராக நான் வேலை பார்த்த லேபுக்கே வந்துவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "டாக்டரம்மா, ஊசி மெதுவா போடுவீங்களா?" என்று சிரித்தார். என்னை அப்படித்தான் கேலி செய்வார்.

முசியே அன்றைக்கு இல்லை. லேப் அவருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த குடும்பம் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரை 'ஐயா' என்பதற்குப் பதிலாக பிரெஞ்சில் முசியே என்றுதான் கூப்பிடுவோம். மழை என்று சீக்கிரம் கிளம்பியிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். ஆயிரம் பேருக்குக் குத்திய கை, உன் அப்பாவின் கையில் முதல் தடவை நரம்பைத் தவறவிட்டது. இரண்டாவது தடவைதான் கிடைத்தது. குத்தும்போது அவர் சொன்னார், "காலெல்லாம் இழுக்குது. காலையிலேர்ந்து ஒண்ணுக்கும் சரியா போவல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணி குடிச்சாத்தானே போவும்." அவ்வளவுதான் சொன்னேன். ஆனாலும் மனசில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், சீட்டில் இல்லாவிட்டாலும் சோடியம், பொட்டாசியம் பார்க்கிற மெஷினில் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரான அவருடைய சீரத்தையும் வைத்தேன். பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது என்று வந்தது. ஐந்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ஆறைத் தாண்டினால் அந்த நிமிஷமே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அது சுவரில் ஒட்டியிருந்த விதி. ஒட்டியவளும் நான்தான்.

எங்கள் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் உள்ளே இருக்கிற பொட்டாசியம் எல்லாம் வெளியே கொட்டி, எண் பொய்யாக ஏறும். அப்போது சீரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு முந்தைய வாரம்தான் அப்படி ஒரு எண்ணை நான் போனில் சொல்லி, ஒரு டாக்டர் என்னைத் திட்டியிருந்தார். "திரும்ப எடுத்துப் பாக்காம ஏம்மா எங்களப் பயமுறுத்துற?" அந்தத் திட்டு இன்னும் காதில் இருந்தது. இரண்டு தடவை குத்தினேனே, அணுக்கள் உடைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டியூபை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இந்த இடத்தில்தான் தம்பி, நான் உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது. அது சிவப்பாக இல்லை. நல்ல மஞ்சளாக இருந்தது, இருக்க வேண்டியதைவிட அடர்ந்த மஞ்சள். காமாலை தொடங்கியிருந்தது. என் கண் அதைப் பார்த்தது. ஆனால் ரிஜிஸ்டரில் 'அணுக்கள் உடைந்த மாதிரி, மறுபடி எடுக்கவும்' என்று என் கை எழுதியது. ஏனென்றால் அது சரியான எண் என்றால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷன் செத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அதை நான் நம்பத் தயாராக இல்லை.

வெளியே வந்தேன். "இன்னா வந்துச்சு டாக்டரம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல, சாதா காய்ச்சல்தான். ஒரு டெஸ்ட்டு மட்டும் சரியா வரல, இன்னொரு வாட்டி குத்தணும்" என்றேன். அவர் கையை மடக்கி வைத்துக்கொண்டார். "போதும் தாயி, ரெண்டு ஓட்ட போட்டாச்சு. காலையில குத்திக்க." நான் வற்புறுத்தியிருந்தால் கையை நீட்டியிருப்பார். எப்போதாவது என் பேச்சை மறுத்தவரா அவர்? நான் வற்புறுத்தவில்லை. சரி என்றேன். கிட்னிக்கான டெஸ்ட்டைக் காலையில் மற்றவர்களுடையதோடு சேர்த்துப் போடலாம் என்று மிச்சச் சீரத்தை ஒரு சின்ன டியூபில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். ஒரே குடையில் பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். பாலம் தாண்டும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். அந்தச் சூடு இன்னும் என் தோளில் இருக்கிறது.

காலையில் பல் விளக்கப் போனவர் கட்டிலுக்கே திரும்பி வந்து உட்கார்ந்து "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்றார். வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பார்த்தேன். டியூபில் பார்த்த அதே மஞ்சள். ஆட்டோவில் உன்னையும் ஏற்றிக்கொண்டு போனோம். எமர்ஜென்சியில் இசிஜி எடுத்த பெண் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஓடினாள். ஊசி போட்டார்கள், டயாலிசிஸ் என்றார்கள், இதயத்தை மீட்டுவிட்டார்கள். ஒரு சின்ன வயசு டாக்டர் வெளியே வந்து நம் இருவரையும் பார்த்துக் கேட்டார். "நேத்து எங்கயாவது ரத்தம் பாத்தீங்களா? பொட்டாசியம், கிரியேட்டினின் ஏதாவது இருக்கா? எத்தன நேரமா இப்படி இருக்குன்னு தெரியணும்." நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் சொன்னேன், "ரத்த அணு கவுன்ட் மட்டும்தான் சார் பாத்தோம்." அதுதான் முதல் பொய். அதற்கப்புறம் சொன்னதெல்லாம் அதன் பிள்ளைகள். எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தார்கள்; எலி மூத்திரம் கலந்த வெள்ளத்திலிருந்து கால் காயம் வழியாக ஏறியிருக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் நுரையீரலில் ரத்தம் கசிந்தது. "கிருமிய மருந்து கொன்னுக்கிட்டுதான் இருக்குதும்மா. இப்ப அவரோட எதிர்ப்பு சக்திதான் அவரையே தாக்குது" என்றார் அதே டாக்டர். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் முன்னால் மருந்து ஏறியிருந்தால் அந்தக் கூச்சல் அடங்கியிருக்குமா என்று அப்போதே கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்களே. நான்காம் நாள் சாயங்காலம் உடலை ஒப்படைக்க என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து நான் லேபுக்குத் திரும்பிய அன்று முசியே என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ரிஜிஸ்டரும் ஒரு சின்ன டியூபும் இருந்தன. உன் அப்பா பெயர் எழுதிய ஸ்டிக்கர், என் கையெழுத்து. "மறுநா காலையில நான்தாம்மா லேப் தொறந்தேன். மறுபடி எடுக்கணும்னு நீ எழுதியிருந்த. டியூபப் பாத்தா உடைஞ்ச மாதிரி இல்லயேன்னு மெஷின்ல திரும்பப் போட்டேன்" என்றார். ஆறு புள்ளி எட்டு. "உனக்கு போன் பண்ணேன். நீ எடுக்கல." அந்த நேரம் நாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். நான் அவர் காலில் விழப்போனேன். அவர் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். "நான் யாருக்கும் சொல்லப் போறதில்ல. சொல்லணும்னா நீதான் சொல்லணும். பையன் இருக்கான் உனக்கு" என்றார். அவ்வளவுதான். அவர் சாகிறவரை மறுபடி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருக்கலாம் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். ஏன் விடவில்லை என்று நீ ஒரு தடவை கேட்டாய். வேறு வேலை தெரியாது என்றேன். உண்மையில் விட முடியவில்லை. சாயங்காலம் கதவைப் பூட்டும்போது பெஞ்சிலிருந்து "இன்னா வந்துச்சு?" என்று கேட்கும். தெளிவாக, காய்ச்சல் குரலில் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் பெஞ்சு காலியாக இருக்குமே என்றுதான் பயம், யாராவது இருப்பார்கள் என்றல்ல. பொட்டாசியம் ஏறி வந்த ஒவ்வொருத்தரையும் அந்த நிமிஷமே மறுபடி உட்கார வைத்து எடுத்தேன். கையை இழுத்துக்கொண்டவர்களிடம் கெஞ்சினேன். தவளக்குப்பத்துக்குக் கிளம்பிவிட்ட ஒரு பெரியவரைப் பஸ் ஸ்டாப்பில் போய்ப் பிடித்துக் கூட்டிவந்தேன். மறுபடி எடுத்தபோது அவர் எண் சாதாரணமாகத்தான் இருந்தது, என்னைப் பைத்தியம் என்று திட்டினார். சிலர் பிழைத்தார்கள். அவர்கள் வந்து நன்றி சொன்னபோதெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது. என்னை ஏன் எல்லோரும் கண்டிப்பானவள் என்று சொல்கிறார்கள், நீ காய்ச்சல் என்று சொன்னால் நான் ஏன் வீட்டையே இரண்டாக்குகிறேன் என்பதெல்லாம் உனக்கு இப்போது புரியும்.

இப்போது அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். இதுவும் நான் மறைத்ததுதான், ஆனால் மறைக்கிறோம் என்று தெரியாமல் மறைத்தது. நோட்டோடு வந்த அன்று உன் அப்பா பின்பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டு கொடுக்கப் போனேன். "இவனுக்காக இந்தத் தண்ணியில எறங்கணுமா?" என்று கோபித்தேன். அவர் சிரித்தார். "அவன் போன் வர்றதுக்கு முன்னாடியே இடுப்பு வரைக்கும் நனைஞ்சிட்டேன். வண்டி பட்டற வாசல்லயே நின்னுபோச்சு, முழு ரோடும் நடந்துதான் வந்தேன். டியூஷன் சென்டரு போற வழியிலதான் இருந்துச்சு. அவன்கிட்ட சொல்லாத. அவனுக்காக நனைஞ்சேன்னே நெனச்சிக்கட்டும், இனிமே எதையும் மறக்கமாட்டான்." தம்பி, உன் அப்பா செய்த ஒரு சின்ன விளையாட்டு அது. நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அவர் அந்தத் தண்ணீரில்தான் வந்திருப்பார். பட்டறையிலிருந்து வீட்டுக்கு அன்றைக்கு வேறு வழியே இல்லை. அவர் போன பிறகு நீ வாயே திறக்காமல் படித்துக்கொண்டிருந்தாய். பொறுப்பு வந்துவிட்டது என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒரு நாள் உட்கார வைத்துக் கேட்டிருந்தால், ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. உன் கேள்வி ஏதாவது நான் மறைத்ததைத் தொட்டுவிடுமோ என்று அந்தப் பேச்சுப் பக்கமே வராமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகூட இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு கதவைத் திறந்தால் இன்னொன்றும் திறந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த நாலு நிமிஷம் நீ தலையைக் குனிந்து மோர் சாதம் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதற்காக என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

ஒரு ராத்திரி முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நீ கணக்குப் போடத் தொடங்குவாய். உனக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். போட்டுப் பார்த்துவிட்டு என்ன வருகிறதோ அதை என்னிடம் சொல். என் மனசு நோகும் என்று குறைத்துச் சொல்லாதே. இத்தனை வருஷம் எண்ணோடு வாழ்ந்தவளுக்கு எது குறைத்த எண் என்று தெரியும். பிடிக்காத எண் ஒன்று உன் திரையில் வரும்போது மெஷினைச் சந்தேகப்படு, தப்பில்லை. ஆனால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே மறுபடி பார். காலையில் பார்க்கலாம் என்று பூட்டிவிட்டு வராதே. உனக்குச் சொல்லித்தர எனக்கு இருப்பது இது ஒன்றுதான். அப்புறம், அந்தப் பச்சை வட்டம் ஒளிரும்போது உன் முகத்தில் வந்ததே, அதற்காக மட்டும் அங்கே போ. அப்பாவுக்குக் கடன் தீர்க்கப் போகாதே. நீ அவருக்கு எந்தக் கெடுதலும் செய்துவிடவில்லை. அப்படி யாராவது போக வேண்டுமென்றால் அது நான்தான், எனக்கு உன் படிப்பு வராது.

என்னிடம் நீ கோபப்படலாம். பேசாமல் போகலாம். அந்த டாக்டர் முன்னால் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொன்னேனே, அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். விமான நிலையத்தில் கையில் கொடுத்துவிட்டு அழலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நீ தனியாக ஆகாயத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாய். அப்படிச் செய்ய மாட்டேன். நாளைக் காலை டிபன் ஆனதும் இதை உன் கையில் தருவேன். நீ படித்து முடிக்கிறவரை உனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். பால் பொங்கினாலும் எழுந்து போக மாட்டேன்.

அம்மா